கல்லூரிகள் மூடியபோது நாம் செய்ததும் செய்யத் தவறியதும்

(பவானிபூரில் நடைபெற்ற அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது, "மாமா, இருபது நிமிஷம் போதும், ஆனா எல்லாருக்கும் பிரயோஜனமா இருக்கணும்" என்றார். நான் வித்வானும் அல்ல, உபன்யாசகனும் அல்ல. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு, முப்பத்தைந்து வருஷம் அரசாங்க அலுவலகத்தில் ஃபைல் பார்த்து ஓய்வு பெற்றவன். எழுபதைத் தாண்டியவன். ஆகையால் படித்ததைக் காட்டிலும் பட்டதைச் சொல்வதே உத்தமம் என்று நினைத்தேன். 2020ஆம் ஆண்டில் கல்லூரிகள் திடீரென்று மூடப்பட்டு, பாடமெல்லாம் ஆன்லைனுக்கு மாறியபோது நம் வீட்டுப் பிள்ளைகளும் அவர்களுடைய சிநேகிதர்களும் என்ன பாடுபட்டார்கள், பெரியவர்களாகிய நாம் என்ன செய்தோம், எதைச் செய்யாமல் விட்டோம் என்பதே என் விஷயம்.

"அதுதான் முடிந்து போன கதையாயிற்றே" என்று யாராவது கேட்கலாம். முடியவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் கல்லூரிகளுக்கு விடுமுறை விட்டார்கள். 2024 நவம்பரில் டெல்லியில் காற்று மாசு அதிகமாகி, டெல்லிப் பல்கலைக்கழகமும் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகமும் சில நாட்கள் ஆன்லைன் வகுப்புக்கு மாறின. நம் அங்கத்தினர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். எந்த ஊரில் எப்போது கல்லூரிக் கதவு மூடும் என்று யாரும் சொல்ல முடியாது.

நடந்தது என்ன?

மேற்கு வங்காளத்தில் 2020 மார்ச் 16ஆம் தேதி கல்வி நிலையங்கள் மூடப்பட்டன. முதலில் மாத முடிவு வரைக்கும்தான் என்றார்கள். மார்ச் 25 முதல் தேசம் முழுவதும் ஊரடங்கு. இங்கே கல்லூரிகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 16ஆம் தேதி! இருபது மாதங்கள். 2022 ஜனவரியில் இன்னொரு முறை மூடி, பிப்ரவரியில் திறந்தார்கள். மூன்று வருஷப் பட்டப் படிப்பில் பாதிக்கு மேல் வகுப்பறையைப் பார்க்காமலே முடித்த பிள்ளைகள் உண்டு. உலகம் முழுவதும் 150 கோடிக்கு மேற்பட்ட மாணவர்களின் படிப்பு தடைப்பட்டதாக யுனெஸ்கோ கணக்கிட்டது.

ஆன்லைனில் பாடம் என்று உத்தரவு வந்துவிட்டது. வீட்டில் என்ன இருந்தது? மத்திய அரசின் தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று 2017-18இல் நடந்தது. அதன்படி கம்ப்யூட்டர் உள்ள குடும்பங்கள் கிராமத்தில் 100க்கு 4.4, நகரத்தில் 23.4. இன்டர்நெட் வசதி உள்ளவை கிராமத்தில் 14.9, நகரத்தில் 42. நான் புள்ளிவிவரத்தோடு பழகியவன். ஆனால் அந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் முகத்தை என் வீட்டுக் கூடத்திலேயே பார்த்த பிறகுதான் அவை எனக்குப் புரிந்தன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தபால் வழிக் கல்வி நமக்குப் புதிது அல்ல. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962லேயே ஆரம்பித்தது. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985லிருந்து நடக்கிறது. அங்கெல்லாம் மாணவன் தனியாகப் படிப்பான் என்று தெரிந்தே பாடப் புத்தகம் எழுதி, அச்சடித்து, முன்கூட்டியே அனுப்புவார்கள். 2020இல் நடந்தது அது அல்ல. கரும்பலகைக்காகத் தயாரித்த பாடத்தை, பழக்கமில்லாத ஆசிரியர், பழக்கமில்லாத மாணவனுக்கு, மொபைல் போன் வழியாகச் சொல்ல வேண்டியதாயிற்று. ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களிலும் பலர் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டுதான் பாடம் நடத்தினார்கள்.

என் பேரனும் என் அவசர புத்தியும்

என் பெண்ணும் மாப்பிள்ளையும் ஜாம்ஷெட்பூரில் இருக்கிறார்கள். பேரன் காலேஜ் படிப்புக்காக எங்களோடு பவானிபூரில் இருந்தான். 2020இல் பி.எஸ்ஸி. பௌதிகம் இறுதி ஆண்டு. நான் படித்த அதே பாடம் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

ஏப்ரல், மே மாதங்களில் அவன் போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. பகலில் வகுப்பு நடக்கும்போது வீடியோவை அணைத்துவிட்டு ஏதோ கிறுக்கிக்கொண்டிருப்பான். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் மொட்டை மாடியில் போனும் கையுமாகப் பேசிக்கொண்டே இருப்பான். ஒரு நாள் பொறுக்க முடியாமல் மாடிக்குப் போனேன்.

"ஏன்டா, அர்த்த ராத்திரியிலே யாரோட அரட்டை? பரீட்சைக்குப் படிக்கற லட்சணமா இது?" என்று சத்தம் போட்டேன்.

அவன் போனைக் கையால் மூடிக்கொண்டு, "தாத்தா, மெதுவாப் பேசுங்கோ, அவனுக்குக் கேக்கும். நோட்ஸ் படிச்சுச் சொல்லிண்டிருக்கேன். அவன் எழுதிக்கறான்" என்றான்.

விஷயம் இதுதான். அவனுடைய வகுப்புத் தோழன் ஒருவன் சுந்தரவனப் பக்கத்துக் கிராமத்துப் பையன். சியால்தாவுக்கு அருகே ஒரு மெஸ்ஸில் தங்கிப் படித்தவன். மார்ச்சில் "பதினைந்து நாள் லீவுதானே" என்று ஒரு பையோடு ஊருக்குப் போய்விட்டான். புத்தகங்களெல்லாம் மெஸ் அறையில் பூட்டிக் கிடந்தன. வீட்டில் ஒரே போன். அது அவன் அண்ணன் கையில் இருக்கும். அண்ணன் வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் இவனுக்குக் கிடைக்கும். வீடியோ வகுப்பு அங்கே ஓடாது. ஆகவே என் பேரன் பகலில் வகுப்பைக் காதால் கேட்டுக் குறிப்பெடுத்து, ராத்திரி வாயால் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டு மாதமாக இது நடந்திருக்கிறது. ஒரே வீட்டில் இருந்த எனக்குத் தெரியவில்லை. கேட்கவில்லை, அதனால் தெரியவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மே 20ஆம் தேதி ஆம்ஃபன் புயல் அடித்தது. இங்கே இருப்பவர்களுக்கு அதை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. ஊரெங்கும் ஆயிரக்கணக்கில் மரங்கள் விழுந்தன. காலேஜ் ஸ்ட்ரீட் புத்தகக் கடைகளில் வெள்ளம் புகுந்து புத்தகங்கள் தண்ணீரில் மிதந்ததைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். எங்கள் தெருவில் நான்கு நாள் கரண்ட் இல்லை. சுந்தரவனத்தில் கரை உடைந்து வயலில் உப்புத் தண்ணீர் ஏறியது. அந்தப் பையனின் போன் பதினேழு நாள் பேசவில்லை. பேசியபோது அவன் சொன்ன முதல் வார்த்தை, கூரை போய்விட்டது என்பது அல்ல. "என் நோட்டு நனைந்துவிட்டது" என்பதுதான். இரண்டாவது, "நான் படிப்பை விட்டுவிட்டு அண்ணனோடு வேலைக்குப் போகப் போகிறேன்."

நாங்கள் செய்தது

அதன் பிறகு நாங்கள் ஐந்து பேர் சேர்ந்தோம். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். ஒருவர் ரயில்வே, ஒருவர் வங்கி, பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுத்த ஒரு மாமி, மருந்துக் கம்பெனியில் இருந்த ஒருவர், நான். ஐந்து பேருக்கும் ஆன்லைன் என்பது அவ்வளவாக வராது. ஆனால் ஐந்து பேருக்கும் தபாலாபீஸ் தெரியும்!

ஊரடங்கிலும் தபால் இலாகா வேலை செய்துகொண்டிருந்தது. ஜெராக்ஸ் கடை திறந்த அன்றே என் பேரனுடைய நோட்டுகளையும் பாடப் புத்தகத்தில் முக்கியமான அத்தியாயங்களையும் பிரதி எடுத்து, பிளாஸ்டிக் உறையில் சுற்றி, ரிஜிஸ்டர் பார்சலில் அனுப்பினோம். பன்னிரண்டு நாள் ஆயிற்று, போய்ச் சேர்ந்தது. லோக்கல் ரயில் நவம்பர் 11ஆம் தேதி வரை ஓடாத காலம் அது. டவர் இல்லாத ஊருக்கும் தபால்காரர் போனார். பிறகு மாதம் இரண்டு பார்சல் என்று வைத்துக்கொண்டோம். போன் ரீசார்ஜ் செலவை ஐந்து பேரும் பகிர்ந்துகொண்டோம். அண்ணன் வைத்திருந்த போனைத் தவிர அவனுக்கென்று ஒரு பழைய போனை ரயில்வே நண்பர் கொடுத்தார்.

செய்முறைப் பாடம்தான் கஷ்டமாக இருந்தது. கருவியைத் தொடாமல் பௌதிகம் படிப்பது, தண்ணீரில் இறங்காமல் நீச்சல் படிப்பது போலத்தான். ஐந்து மாதமாக அளவுகோலையே கையில் எடுக்காத பையனுக்குக் கைப்பழக்கம் திரும்ப வேண்டும் என்று ஊசல் சோதனையிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னேன். முதலாண்டுப் பாடம்தான், பரவாயில்லை. மீன் வலையில் கட்டும் ஈயக் குண்டை நூலில் கட்டி, ஒரு மீட்டர் நீளத்தில் தொங்கவிட்டான். ஒரு முறை போய் வர சுமார் இரண்டு விநாடி. இருபது முறைக்கு நேரம் பார்த்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட்டு, பிழை எவ்வளவு, எதனால் என்று போனில் விவாதித்தோம். இங்கே மாடி அறையில் பேரனும் நானும் ஒரு பழைய சி.டி.யையும், கடையில் வாங்கிய சின்னச் சிவப்பு லேசரையும் வைத்து ஒளியின் அலைநீளம் அளந்தோம். சி.டி.யில் வரிகளுக்கு இடையே உள்ள தூரம் 1.6 மைக்ரான். சி.டி.யின் மேல் ஒளியைச் செங்குத்தாக விழச் செய்து, ஒரு மீட்டர் தள்ளித் திரையில் பார்த்தால், நடுவிலிருந்து ஏறக்குறைய 44 சென்டிமீட்டரில் முதல் புள்ளி விழும். கணக்குப் போட்டால் 0.65 மைக்ரான் வருகிறது. அந்த அளவுகளை ஒரு தாளில் எழுதி அவனுக்கு அனுப்பினோம். லேசரைக் கண்ணுக்கு நேரே காட்டக் கூடாது என்பதை மட்டும் பிள்ளைகளுக்கு மறக்காமல் சொல்லுங்கள்.

பரீட்சை வந்தது. நடத்த வேண்டுமா வேண்டாமா என்று வழக்கு நடந்து, ஆகஸ்ட் 28ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லி, கல்கத்தா பல்கலைக்கழகம் அக்டோபர் 1 முதல் 18 வரை இறுதி ஆண்டுத் தேர்வை நடத்தியது. வீட்டிலிருந்தே, புத்தகத்தைப் பார்த்து எழுதலாம். ஆனால் எழுத இரண்டு மணி நேரம், விடைத்தாளைப் படம் பிடித்து அனுப்ப மேற்கொண்டு அரை மணி. கிராமத்தில் அந்த அரை மணியில் டவர் போனால் மூன்று வருஷப் படிப்பும் போயிற்று.

"அவனை இங்கே வரச் சொல்லலாமா தாத்தா?" என்று பேரன் கேட்டான். நான் உடனே பதில் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கொரோனா பயம் இருந்தது. எனக்கும் என் மனைவிக்கும் வயதாகிவிட்டது, எனக்குச் சர்க்கரை வேறு. தெரிந்தவர் ஒருவர், "உமக்கு எதுக்கு ஓய் இந்த வம்பு?" என்று கேட்டதும் நியாயமாகத்தான் பட்டது. என் மனைவிதான், "மாடி ரூம் சும்மாத்தானே கிடக்கு? டெஸ்ட் பண்ணிண்டு வரட்டும். தட்டு, டம்ளரைத் தனியா வெச்சுட்டாப் போச்சு" என்று முடித்துவிட்டாள்.

படகிலும் பஸ்ஸிலுமாக வந்து சேர்ந்தான். இருபது நாள் இருந்தான். மீன் இல்லாத சாப்பாட்டை இருபது நாள் சாப்பிட்ட வங்காளிப் பையன் அவன் ஒருவனாகத்தான் இருப்பான். அப்பளமும் ரசமும் அவனைக் காப்பாற்றின. எங்களை "தாது", "தீதா" என்று கூப்பிட்டான். ஒரு பரீட்சை நடுவில் கரண்ட் போயிற்று. இன்வெர்ட்டர் இருந்ததால் பிழைத்தோம். தேறிவிட்டான். பிறகு எம்.எஸ்ஸி.யும் முடித்து, இப்போது தன் ஊர்ப் பக்கத்திலேயே பௌதிகம் சொல்லிக் கொடுக்கிறான். ஒவ்வொரு விஜயதசமிக்கும் போன் செய்து பிரணாமம் சொல்லுகிறான்.

கதவைத் திறந்துவிட்டவர்கள்

அந்த நாட்களில் வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. 1665இல் பிளேக் வந்து கேம்பிரிட்ஜ் மூடியபோது நியூட்டன் வீட்டிலிருந்தபடியே பெரிய கண்டுபிடிப்புகளைச் செய்தாராம். நீங்களும் அப்படி இருங்கள் என்று பிள்ளைகளுக்கு உபதேசம். நியூட்டன் அதற்குள் பட்டம் வாங்கிவிட்டவர். சொந்தப் பண்ணை வீட்டுக்குப் போனவர். கூரை பறந்த வீட்டுப் பையனிடம் அந்தக் கதையைச் சொல்லுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் அவனுக்குச் சொன்னது சர் சி.வி. ராமன் கதை. 1907இல் பதினெட்டு வயதில், கணக்குத் துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்கு வந்தவர் அவர். பகலெல்லாம் ஆபீஸ். காலையிலும் மாலையிலும் பௌபஜார் ஸ்ட்ரீட் 210ஆம் எண்ணிலிருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தில் ஆராய்ச்சி. ராமனின் மேதையைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அந்தச் சங்கத்தின் கதவை ஒரு புது ஆளுக்குத் திறந்துவிட்ட காரியதரிசி அமிர்தலால் சர்க்காரை எத்தனை பேர் நினைக்கிறோம்? பிறகு 1917இல் ராமனைப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவிக்குக் கொண்டுவந்தவர் நம் பவானிபூர்க்காரர், ஸர் ஆஷுதோஷ் முகர்ஜி. மேதைக்கே கதவு திறந்துவிட ஒருவர் வேண்டியிருந்தது. சாதாரணப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டுமா?

நிறுவனங்களும் பின்னர் தங்களால் இயன்றதைச் செய்தன. ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் நன்கொடை திரட்டி, வசதியற்ற மாணவர்களுக்குப் போனும் டேட்டாவும் கொடுத்தது. தமிழ்நாடு அரசு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, ஒன்பதரை லட்சத்துக்கு மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா இலவசமாகத் தருவதாக அறிவித்தது. நல்ல காரியங்கள்தாம். ஆனால் அந்த அறிவிப்பு வந்தபோது கல்லூரிகள் மூடி பத்து மாதம் ஆகியிருந்தது. அந்தப் பத்து மாதமும் அக்கம்பக்கத்து மனிதர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய காலம்.

ஒவ்வொரு கிளையும் செய்யக்கூடியது

பல ஊர் அங்கத்தினர்களுக்காக, அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்லுகிறேன்.

ஒன்று, கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பகுதியில் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் யார், போன் யாருடையது, எத்தனை மணிக்குக் கையில் கிடைக்கும், உட்கார்ந்து படிக்க இடம் உண்டா? "போன் இருக்கா?" என்று மட்டும் கேட்டால் எல்லோரும் "இருக்கு" என்றுதான் சொல்லுவார்கள். யாருடைய போன் என்று கேட்க வேண்டும்.

இரண்டு, சிறியதாக அனுப்புங்கள். ஒரு மணி நேர வீடியோ வகுப்பு பல நூறு எம்பி டேட்டாவை விழுங்கும். அதே பாடத்தின் நான்கு பக்கக் குறிப்பைப் படமெடுத்து அனுப்பினால் ஓரிரண்டு எம்பியில் முடியும். டிவி இருக்கும் வீட்டுக்கு இன்டர்நெட்டே வேண்டாம். ஸ்வயம் பிரபா சேனல்களில் கல்லூரிப் பாடங்கள் வருகின்றன.

மூன்று, காகிதத்தை மறக்காதீர்கள். ஜெராக்ஸும் தபாலும் புயலிலும் தோற்கவில்லை.

நான்கு, ஓர் இடம் கொடுங்கள். மேஜை, மின்விசிறி, இன்வெர்ட்டர், கதவைச் சாத்தினால் சத்தம் வராத ஓர் அறை. இரண்டு அறைக் குடும்பத்தில் ஆறு பேர் இருந்தால் அங்கே பரீட்சை எழுத முடியாது. நம்மில் பலர் வீட்டில், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுடைய அறை பூட்டிக் கிடக்கிறது.

ஐந்து, தினமும் பத்து நிமிஷம் போன் பேசுங்கள். "படிச்சியா?" என்று கேட்டால் "படிச்சேன்" என்பான். "இன்னிக்கு எது புரியலை?" என்று கேட்டுப் பாருங்கள். உங்களுக்குப் பாடம் தெரியாவிட்டால் பாதகமில்லை. நாளைக்கும் ஒருவர் கேட்பார் என்ற எண்ணம் அவனை நாளை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

ஆறு, உதவியைச் சத்தமில்லாமல் செய்யுங்கள். ரீசார்ஜ் செய்ததைப் புகைப்படம் எடுத்துப் போட வேண்டாம். இருபது வயதுப் பிள்ளைக்கு மானம் பெரிது.

செய்யத் தவறியது

இத்தனையும் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் போனால் என் கணக்கு முழுமையாகாது. நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து கைதூக்கிவிட்டது ஒரே ஒரு பையனைத்தான். என் பேரனின் வகுப்பில் இரண்டு பேர் அந்தத் தேர்வை எழுதவேயில்லை. ஒருவன் வேலைக்குப் போய்விட்டதாகத் தெரிந்தது. இன்னொருத்தி பெண். வகுப்பில் கெட்டிக்காரி என்று பேரன் சொல்லுவான். ஜூலை மாதத்திலிருந்து அவள் போன் அணைத்துக் கிடந்தது. "தாத்தா, அவளைப் பத்தி ஒரு தகவலும் இல்லை" என்று அவன் இரண்டு முறை என்னிடம் சொன்னான். நான் பார்சல் கட்டும் வேலையில் மும்முரமாக இருந்தேன். "விலாசம் இருக்கா?" என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. கல்லூரியில் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். ஐம்பது காசுத் தபால் அட்டை ஒன்று போட்டிருக்கலாம். போட்டிருந்தால் அவள் தேர்வு எழுதியிருப்பாள் என்று நான் சொல்லவில்லை. தன்னை ஒருவர் தேடினார் என்றாவது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அதனால் இப்போது என் மேஜை இழுப்பறையில் பத்துத் தபால் அட்டைகள் வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த முறை கல்லூரி மூடினால், போன் அடிக்காத பிள்ளைக்கு முதல் நாளே எழுதுவதாக உத்தேசம். நீங்களும் சில அட்டைகள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.